தமர்

காதைக் குத்துவர், மணியைத் துளைப்பர், பலகையில் தமரிடுவர். மூன்றிடத்தும் உண்டாவது துளையே. ஆயினும், தொழிலும் கருவியும் வேறுபடுதலின் சொல்லும் வேறுபட்டது. குழந்தைக்குக் காது துளைத்தார்கள் என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள்.

தமர் என்பது கருவிகொண்டு இட்ட துளை. துளையிடும் கருவிக்கும் அதுவே பெயர். தமரூசி என்றும் கூறுவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. தச்சர் கையாண்ட துரப்பணமும் இவ்வினத்ததே. மரத்தண்டின் நுனியில் இரும்பு அலகு. தண்டைச் சுற்றிக் கயிறு. கயிற்றின் இரு முனைகளும் வில்லில். வில்லை முன்னும் பின்னும் இழுக்க, அலகு சுழன்று மரத்துள் இறங்கும்.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்டு ஆலையாலும் அறியப்பட்ட ஊர். பாறையை வெடிவைத்துப் பிளக்க வேண்டுமாயின், முதலில் அதில் ஆழ்ந்த துளைகள் இடல்வேண்டும்; வெடிமருந்து அவற்றினுள்ளேதான் அடைக்கப்படும். முற்காலத்தில் உளியும் சம்மட்டியும் கொண்டு அரிதின் இட்ட துளையை இன்று பொறி விரைந்து இட்டுவிடுகிறது. கருவி மாறியது தக்கதே. மனிதன் தோள் பிழைத்தது. ஆனால், தொழிலிடங்களில் அச்செயலுக்கு 'டிரில்லிங்' என்னும் பெயரே வழங்குகிறது. எழுதுவோரோ துளையிடுதல் என்னும் பொதுச்சொல்லோடு அமைந்துவிடுகின்றனர். தமர் ஈரிடத்தும் அருகிவிட்டது.

ஒரு சொல் மறைவதால் என்ன கேடு என்று கேட்கலாம். பொள்ளுதல் என்றொரு சொல் உண்டு. அதற்கும் துளைத்தல், செதுக்குதல் என்பனவே பொருள். கடலூர் மாவட்டத்துத் திருநாரையூரில் உள்ள பிள்ளையார், உளியால் பொள்ளப்படாமல் தாமே தோன்றியவர் ஆதலின் 'பொள்ளாப் பிள்ளையார்' எனப்பட்டார் என்பர். பொள்ளுதல் வழக்கில் குன்றவே, பொள்ளா என்பது பொல்லா ஆயிற்று. இன்று அவர் பொல்லாப் பிள்ளையார்! பெயரைக் கேட்கும் சிறுவன், அவர் செய்த பொல்லாங்கு யாதென்று வினவினால் அவன்மேல் குற்றமில்லை.

தமர் என்பதற்கு உறவினர் என்றும் பொருள் உண்டே, அதனால் மயக்கம் விளையாதோ என்று சிலர் ஐயுறலாம். விளையாது. திங்கள் என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறிக்கிறது. அதனால் எவரும் நாள் தவறிப் பள்ளிக்கு வருவதில்லை. தச்சர் பலகையில் தமரிட்டார் என்றால், உறவினரை எண்ணிக் குழம்புவார் யார்?