பெயரற்றார் கல்லும் பெயரறிந்தார் கடமையும்

கார்த்திகை மாதம் இருபத்தேழாம் நாள் அண்மிக்கும்போதெல்லாம் படுவான்கரையில் இருவகை ஆயத்தங்கள் நடைபெறக் காண்கிறோம். மாவடிமுன்மாரியிலும் தாண்டியடியிலும் மக்கள் பற்றைகளை வெட்டித் துப்புரவு செய்கின்றனர்; பொலிசார் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, "யாருக்காக இவ்விளக்கு?" என்று கேட்பாரையும் காண்கிறோம். அக்கேள்விக்கு விடையிறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு, நம்மவரை நோக்கியும் ஒரு கேள்வி கேட்க வேண்டியுள்ளது. அது முன்னையதினும் கடினமானது.

துயிலும் இல்லங்களின் கதையை நம் வாசகர் அறிவர். மட்டக்களப்பு மாவட்டத்தில் தரவை, கண்டலடி, தாண்டியடி, மாவடிமுன்மாரி என நான்கு இடங்களில் அவை அமைந்திருந்தன. உடல் கிடைத்தவர்க்குக் கல்லறை; உடல் கிடையாதவர்க்கு நினைவுக்கல். 2007இல் கிழக்கு முழுவதும் படையினர் வசமான பின்னர் இக்கற்கள் நிலைக்கவில்லை. தாண்டியடியில் விசேட அதிரடிப் படையின் முகாம் எழுந்தது. வடக்கே கோப்பாயில் 2010இல் கல்லறைகள் இடித்து நிரவப்பட்டு, மறு ஆண்டே அவ்விடத்தில் இராணுவத்தின் 51ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் திறந்து வைக்கப்பட்டது. இறந்தவனோடு போர் புரிவது எந்த நாட்டு வீரம் என்று நாம் கேட்கவில்லை. கல் உடைந்தபோது அதன்மேல் எழுதியிருந்த பெயரும் உடைந்தது என்பதையே இங்குச் சுட்ட விரும்புகிறோம். முன்னர் பெயர் தெரிந்து புதைக்கப்பட்டவனும் அன்றே பெயர் தெரியாதவன் ஆனான்.

ஆயினும், முதலிலிருந்தே பெயர் தெரியாதார் பலர் உளர். 2023 ஜூன் மாத இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி நடந்த அகழ்வு 2024 ஜூலையில் முடிவுற்றபோது ஐம்பத்திரண்டு பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. போராளிகளின் சீருடைத் துணிகளும், பெண்களுடைய உள்ளாடைகளும், தகட்டிலக்கங்களும் அவற்றோடு கிடைத்தன. 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வுடல்கள் புதைக்கப்பட்டன என்று தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவா அறிக்கையிட்டார். தகடு கிடைத்தது, இலக்கம் கிடைத்தது, அவ்விலக்கம் எந்த வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் கிடைக்கவில்லை.

கொக்குத்தொடுவாய்க்கும் கொக்கட்டிச்சோலைக்கும் என்ன தொடர்பு என்று எவரும் வினவார். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் தத்தம் ஊரில் மட்டுமா மாண்டனர்? ஜெயந்தன் படையணி என்ற பெயரில் வாவியைக் கடந்து, வெருகலைக் கடந்து, 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு முறியடிப்புக்காக வன்னிக்குப் போனவர் எத்தனை பேர்! போனவர்களுள் திரும்பியவர் திரும்பினர். திரும்பாதவர்களின் தாய்மாருக்கு வன்னி என்பது வரைபடத்தில் மட்டும் கண்ட ஊர்.

இங்கே ஒரு சிக்கலை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு போராளிக்கு மூன்று அடையாளங்கள் இருந்தன. தாய் அறிந்தது பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர். உடன் நின்றவர் அறிந்தது இயக்கப் பெயர்; இருவர் ஓராண்டு ஒரே காப்பரணிற் கிடந்தும் ஒருவர் மற்றவரின் வீட்டுப் பெயரையோ ஊரையோ கேட்பது ஒழுங்கன்று என்றிருந்தது. மண் அறிந்ததோ தகட்டிலக்கம். இம்மூன்றையும் ஒரு கயிற்றிற் கோத்து வைத்திருந்த ஏடுகள் போரின் இறுதியில் அழிந்தன, அல்லது அரச கையிற் சிக்கின. இன்று அக்கயிற்றின் இழைகள் எஞ்சியிருப்பது உயிர் தப்பிய தோழர்களின் நினைவில் மாத்திரமே. யார் எந்தக் காவலரணில் வீழ்ந்தார், உடலை யார் தூக்கினார், எந்தப் பாலை மரத்தடியிற் புதைத்தனர் என்பதை அவர்களைத் தவிர வேறெவரும் சொல்ல இயலாது. அவர்களும் இப்போது நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டனர். சிலர் காலிழந்தவர், சிலர் உடலில் இரும்புத் துண்டுகளோடு வயலில் இறங்குபவர். ஆண்டுதோறும் சிலர் மறைகின்றனர். ஒருவர் மறைய, அவரறிந்த பத்துப் பெயர்களும் அவரோடு மறைகின்றன.

பெயர் தெரியாப் போர்வீரனுக்குக் கல் எடுக்கும் மரபு மேனாட்டில் 1920 நவம்பர் 11ஆம் நாள் தோன்றியது. அன்று இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஓர் அடையாளமற்ற உடல் அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது; பாரிஸ் வெற்றி வளைவுக்கும் அவ்வாறே ஓர் உடல் அரச மரியாதையுடன் கொண்டுவரப்பட்டது. மகனை இழந்த ஒவ்வொரு தாயும் அது தன் மகனாகவே இருக்கலாம் என்று எண்ணி ஆறினாள். இவ்வேற்பாட்டை நாம் குறை கூறோம். ஆனால் நம் முன்னோர் கண்ட வழி வேறு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொல்காப்பியர் வகுத்த நடுகல் முறையில் பெயரின்றிக் கல்லுக்கு நிறைவில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர். ஆநிரைப் பூசலில் மாண்ட எளிய மனிதர்க்கு எழுந்த கற்கள் அவை. அவற்றிலும் தமிழ்ப் பிராமி எழுத்திற் பெயர் வெட்டியிருக்கின்றனர். ஓர் ஊர்ப் பூசலில் இறந்தவனுக்குச் செய்ததை ஒரு பெரும்போரில் இறந்தவனுக்கு நாம் செய்யத் தவறலாமா?

"காலம் கடந்துவிட்டது, இனி எப்படி இயலும்?" என்பாருக்கு ஆர்ஜென்டீனாவின் செய்தியை எடுத்துரைப்போம். 1982இல் போக்லாந்துத் தீவுகளில் பிரித்தானியாவோடு பொருது மாண்ட ஆர்ஜென்டீனப் படைவீரரின் உடல்களை, போர் முடிந்த மறு ஆண்டு, ஜெஃப்ரி கார்டோசோ என்னும் பிரித்தானிய அதிகாரியே திரட்டி டார்வின் மயானத்தில் அடக்கம் செய்தார். பகைவனின் உடல்தானே என்று குழியிற் கொட்டி மூடவில்லை. ஒவ்வோர் உடலையும் கெடாவண்ணம் உறைகளில் இட்டு, எங்கே கிடைத்தது, உடன் என்ன இருந்தது என்று எழுதி வைத்தார். பெயர் தெரியாத நூற்றிருபதுக்கு மேற்பட்ட குழிகளில் கடவுள் மட்டுமே அறிந்தவர் என்ற வாசகம் பொறிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்து, 2008இல், அப்போரில் நின்ற கூலியோ ஆரோ என்னும் முன்னாள் வீரர் அம்மயானத்துக்குச் சென்றார், தம் தோழர்களின் பெயரைத் தேடினார், காணவில்லை. பின்னர் இலண்டனில் கார்டோசோவைச் சந்தித்தார். பழைய பகைவர் தம்மிடமிருந்த குறிப்பை எடுத்துக் கையிற் கொடுத்தார். அக்குறிப்பே திறவுகோலாயிற்று. இரு அரசுகளும் இணங்க, 2017இல் செஞ்சிலுவைச் சங்கம் குழிகளைத் திறந்து மரபணுச் சோதனை நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்டோர் தம் பெயரைத் திரும்பப் பெற்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்பு! இதில் அரசுகள் பின்னால் வந்தவை. முன்னால் நடந்தவர், உடன் நின்று போரிட்ட ஒரு தோழர்.

நம் தோழர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? அச்சமே காரணம். அது வீண் அச்சமும் அன்று. 2018 நவம்பர் 30ஆம் நாள் வவுணதீவில் இரு பொலிசார் கொலையுண்டனர். உடனே முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கிற் சிறையிலிருந்தார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்த பின்னரே, வவுணதீவுக் கொலை சஹ்ரான் குழுவினரின் கைவேலை என்பது புலனாயிற்று. 2023 நவம்பரிலோ, நினைவுகூர்ந்த குற்றத்துக்காக இம்மாவட்டத்திற் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போயினர். இத்தகைய நாட்டில், "இன்ன இடத்தில் இன்னாரைப் புதைத்தோம்" என்று ஒருவர் எழுதிக் கொடுப்பது தம் கழுத்துக்குத் தாமே கயிறு திரிப்பதாக அவருக்குத் தோன்றினால், அவரைக் கோழை என்று எவர் சொல்ல முடியும்?

ஆகவே சட்டத்தை அதன் சொற்களாலேயே மடக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் உருவாயிற்று. அவ்வலுவலகத்தின் முடிவுகள் எவர்மீதும் குற்றவியற் பொறுப்பையோ குடியியற் பொறுப்பையோ சுமத்தமாட்டா என்று அச்சட்டமே கூறுகிறது. தாய்மார் அவ்வலுவலகத்தின்மீது நம்பிக்கை இழந்தமைக்குப் போதிய காரணம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தகட்டிலக்கங்களை வைத்து அடையாளம் காணும் இந்த ஒரு பணிக்கேனும் அப்பாதுகாப்பைக் கேட்டுப் பெறலாம். தகவல் தருபவர் விசாரணைக்கு இழுக்கப்படமாட்டார் என்று சட்டமா அதிபர் எழுத்தில் உறுதி கூறுவாராயின், ஓராண்டில் எத்தனையோ பெயர்கள் வெளிவரும்.

இது உணர்ச்சியின் பாற்பட்ட காரியம் மட்டும் என்று எண்ணற்க. கமக்காரர் வீட்டில் இது காணிக் கணக்கும் ஆகும். அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்து மகன் பெயரில் இருக்கிறது. மகன் போரில் மாண்டான் என்று ஊரே சொல்கிறது. கச்சேரி மட்டும் மரணச் சான்றிதழ் கேட்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழுக்கு வழி செய்தது. 2016இல் அதைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழும் சேர்த்தனர். ஆனால் "என் பிள்ளை செத்தான்" என்று தானே எழுதிக் கையெழுத்திடத் தாய்க்கு மனம் வருமா? எலும்பைக் காட்டாமல் அவளைக் கையொப்பமிடச் சொல்வது கொடுமை. அதனால் பிள்ளையும் வருவதில்லை, காணியும் பெயர் மாறுவதில்லை.

அரசாங்கம் இதற்கு இணங்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். இன்று நாட்டை ஆளும் மக்கள் விடுதலை முன்னணி 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் ஏந்தி அரசை எதிர்த்த இயக்கம். தடை செய்யப்பட்டிருந்த இயக்கம். ரோகண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13ஆம் நாளை ஆண்டுதோறும் கொழும்பிலே வெளிப்படையாக நினைவுகூர்கின்றனர். மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 2012இல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, அவை தம் தோழர்களுடையவை என்று கூறி நீதி கேட்டவர்களும் அவர்களே. பெயரற்ற தோழனின் எலும்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பரில், குடும்பத்தார் தம் உறவினரை நினைவுகூரலாம், இயக்கச் சின்னங்கள் கூடா என்றனர். ஒரு படி இறங்கி வந்தமைக்கு நன்றி. ஆனால் அடையாளம் தெரியாத ஒருவனுக்குக் குடும்பத்தார் யார்? அவனுக்காக விளக்கேற்ற உரிமையுடையவர் யார்?

இனி நம்மவரை நோக்கிய கேள்வி. நாம் யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாது விடுகிறோம்? 1986இலும் அதன் பின்னரும் சகோதர இயக்கத்தவரின் துப்பாக்கியால் மடிந்த இளைஞரும் நம் ஊர்ப் பிள்ளைகளே. அவர்களுக்கு எந்த இல்லத்திலும் கல் இல்லை. 2004 ஏப்ரலில் வெருகலில் ஒரே அடுப்பிற் சோறுண்டவர் இரு கரையில் நின்று ஒருவரையொருவர் சுட்டனர். அங்கே வீழ்ந்தவனைத் துரோகி என்று ஒதுக்கினோரும், எண்ணாமலே விட்டோரும் உளர். அவனைப் பெற்றவளும் படுவான்கரையில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடையோடு கொண்டு செல்லப்பட்ட சிறுவர் சிறுமியரும் அக்கல்லறைகளிற் கிடந்தனர் என்பதை மறைத்து வீரவணக்கம் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வயதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். வாவிக்கு அப்பால் குருக்கள்மடத்தில் 1990 ஜூலையில் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் உறவினர், அவ்விடத்தைத் தோண்டித் தருக என்று நீதிமன்றப் படியேறியுள்ளனர். 1990 ஜூனில் சரணடைந்த பின்னர் கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான பொலிசாரின் வீட்டாரும், 1996இல் முல்லைத்தீவு முகாமில் மாண்டு உடல் வந்து சேராத படையினரின் பெற்றோரும் உளர். அவர்களுடைய எலும்பு கிடக்கும் இடம் தெரிந்த நம்மவர் மௌனமாயிருந்துகொண்டு, நம் எலும்பை மட்டும் அரசு எடுத்துத் தர வேண்டும் என்று வாதாடினால், எந்த நீதிமன்றில் அவ்வாதம் நிற்கும்? கார்டோசோ தம் பகைவரின் குழிகளுக்குக் குறிப்பெழுதியதை மேலே கூறினோம். அதை மற்றவருக்காக மட்டும் கூறவில்லை.

கொக்கட்டிச்சோலைக்கு இவ்வகையில் ஒரு தனியுரிமை உண்டு. 1987 ஜனவரி 28ஆம் நாள் இறால் பண்ணையிலும், 1991 ஜூன் 12ஆம் நாள் மகிழடித்தீவிலும் இவ்வூர் மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். இரண்டாவதை விசாரித்த சனாதிபதி ஆணைக்குழு 67 பேர் மாண்டனர் என்றது. பின்னர் இராணுவ நீதிமன்றில் படையினர் விடுதலையாயினர். ஓர் அதிகாரி மட்டும், தம் கீழுள்ளாரை அடக்கத் தவறியமைக்கும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்கும் குற்றவாளியானார். கொன்றதற்குத் தண்டனை இல்லை. பிணத்தை ஒழித்ததே குற்றமாயிற்று. அந்தத் தீர்ப்பில் நீதி இல்லையென்றாலும் ஓர் உண்மை எழுத்தில் நிற்கிறது: இறந்தவன் உடலுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அதை இவ்வூரார் விலை கொடுத்துக் கற்றனர்.

எனவே தொடக்கத்தையும் இவ்வூரிலேயே செய்யலாம். நவம்பர் 27இல் யார் முதற்சுடர் ஏற்றுவது, எந்தக் கட்சிக்காரர் முன்வரிசையில் நிற்பது என்று ஆண்டுதோறும் நடக்கும் பிணக்கைச் சற்று ஒதுக்கி வைப்போம். (அப்பிணக்கில் நம் கட்சியினருக்கும் பங்குண்டு, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.) அதற்குப் பதிலாக ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். ஒரு புறம் தாய் தந்தையர் வந்து பிறப்புப் பெயர், பிரிந்த நாள், உடற்குறி சொல்லட்டும். மறுபுறம் தோழர்கள் இயக்கப் பெயர், தகட்டிலக்கம், புதைத்த இடம் சொல்லட்டும். தம் பெயரைச் சொல்ல விரும்பாதவர் ஒரு சட்டத்தரணி வாயிலாக முத்திரையிட்ட உறையில் தரட்டும். எந்த இயக்கம் என்ற கேள்வி அவ்வேட்டில் இடம்பெற வேண்டியதில்லை. வயது முதிர்ந்த தாய்மாரின் மரபணு மாதிரியை இப்போதே எடுத்து வைக்குமாறு நீதிமன்றை வேண்டலாம். அவர்கள் மறைந்த பின்பு எலும்பு கிடைத்து என்ன பயன்? துயிலும் இல்லக் காணிகள் படையினரிடமும் வேண்டா, கட்சிகளிடமும் வேண்டா. மயானக் காணிகளைப் பராமரிக்கும் உரிமையுடைய பிரதேச சபைகளிடமே அவை ஒப்படைக்கப்படுக.

இத்தனையும் செய்த பின்னும் பெயர் கிடையாதார் இருப்பர். அவர்களுக்காக மாவடிமுன்மாரியில் ஒரு கல் நடலாம். முன்மாரி என்ற சொல்லின் பொருளைக் கமக்காரர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கல்லின் முகப்பிற் சில சொற்கள் போதும். பின்புறத்தை நன்றாகத் தேய்த்து வெறுமையாக விடுமாறு கல்தச்சரிடம் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ஒரு பெயர் உறுதியாகும்போது அவரை மீண்டும் அழைத்து, அதிலே வெட்டச் செய்யலாம்.