கிணற்றை நாங்கள் பார்த்தோம். பாலத்தை யார் பார்ப்பது?

2017 மார்ச் மாதம் கிண்ணியாவில் தெருவில் கண்டவர்கள் சுகம் விசாரிக்கவில்லை. "வீட்டில ஆருக்கும் காய்ச்சலா?" என்றுதான் கேட்டார்கள். ஆலங்கேணியில் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பதில் "ஓம்" என்பதாகவே இருந்தது. தங்கச்சியின் மூத்த மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். ஒரு கிழமை வைத்தியசாலையில் இருந்து பிள்ளை தப்பி வீடு வந்தாள். எல்லா வீட்டுக்கும் பிள்ளைகள் அப்படித் திரும்பி வரவில்லை.

அந்தக் காலப்பகுதியில் கிண்ணியாவில் பத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவுக்குப் பலியானார்கள். பாடசாலைகள் மூடப்பட்டன. வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை. ஆண்டு முடிந்தபோது நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகியிருந்தார்கள். 440 பேர் இறந்திருந்தார்கள். இலங்கை அதற்கு முன் கண்டிராத எண்ணிக்கை அது. டெங்கு வைரசின் நான்கு வகைகளில் இரண்டாவது வகை அந்த ஆண்டு மேலோங்கியது. முந்திய ஆண்டுகளில் வேறு வகையால் பாதிக்கப்பட்டு அதற்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த மக்களிடம் அது வேகமாகப் பரவியது. அந்த அலை முதலில் பலமாக அடித்த இடங்களில் ஒன்று எங்கள் ஊர்.

ஆழிப்பேரலை வைத்தியசாலையையே அடித்துச் சென்ற ஊர் இது. போரில் இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் வைத்துப் பார்த்த ஊர். எதற்கும் நாங்களே ஒரு வழி கண்டுகொள்வோம் என்பது இங்கே பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் எங்கே எங்களைக் காப்பாற்றியது, எங்கே கைவிட்டது என்பதை இரண்டு சம்பவங்களை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலாவது, ஒரு கிணற்றின் கதை.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. 1990 இல் ஊரைவிட்டுப் போன குடும்பத்தினுடையது. அவர்கள் இப்போது கனடாவில். காணிக்குள் பாவனையில்லாத கட்டுக்கிணறு ஒன்று. பிள்ளை வைத்தியசாலையில் இருந்த கிழமை, ஒழுங்கையில் எல்லோரும் சிரட்டை, ரயர், யோகட் கோப்பை எல்லாவற்றையும் பொறுக்கி எரித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தவர், குறிஞ்சாக்கேணிப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் நானா ஒருவர்தான்.

"தம்பி, நீங்க சிரட்டையப் பொறுக்குறீங்க. அந்தக் கிணத்துக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். தண்ணீரின் மேற்பரப்பு முழுவதும் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

டெங்குவைப் பரப்பும் நுளம்பு சாக்கடையில் வளர்வதைவிட ஓரளவு தெளிந்து தேங்கிய நீரையே விரும்பும் என்பது பலருக்குத் தெரியும். பாவனையில்லாத கிணறும் அதற்கு ஒரு பெரிய பாத்திரம்தான் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. கரையோர மக்களாகிய எங்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. டெங்கு நுளம்பு உவர்நீரிலும் வளர்கிறது என்பதைப் பேராசிரியர்களான ரஞ்சன் ராமசாமி, எஸ்.என்.சுரேந்திரன் ஆகியோரின் குழு 2011 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடற்கரையில் கிடக்கும் உடைந்த வள்ளமும் கைவிட்ட கிணறும் உப்புத்தண்ணீர்தானே என்று விட்டுவிட முடியாது.

அடுத்தவரின் காணிக்குள் எப்படிப் போவது? 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி நுளம்பு பெருக இடமளிக்கும் காணிக்காரர் மீது வழக்குத் தொடரலாம். காணிக்காரர் கனடாவில் இருந்தால் அது அதிகாரிக்கும் எளிதல்ல. வடக்கு கிழக்கில் இப்படி ஆளில்லாத காணிகள் எத்தனை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். உரிமைப் பிரச்சினை வரும் என்ற பயத்தில் அயலவர்கள் வேலிக்கு உள்ளே கால் வைப்பதில்லை.

நாங்கள் செய்தது சின்ன விடயம். உறவினர் ஒருவரிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி, காணிக்கார அக்காவுடன் பேசினோம். கிணற்றின் படத்தை அனுப்பினோம். "என்னைக் கேக்கவே வேணும்? செய்யுங்கோ" என்றார். மறுநாள் நானா ஒரு போத்தலில் கப்பி மீன்கள் கொண்டுவந்தார். "மீன் விக்கிற நான் காசில்லாமத் தாற மீன் இதுதான்" என்று சொல்லிக் கிணற்றுக்குள் விட்டார். பத்து நாள் கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது குடம்பிகள் இல்லை.

இந்த வழியிலும் பிழை விட்டுத்தான் படித்தோம். அடுத்த மாரியில் வெள்ளம் புகுந்தபின் கிணறுகளுக்கு குளோரின் போட்டார்கள். மீன்கள் எல்லாம் செத்துப்போயின. மருந்தின் வேகம் குறைந்தபின் திரும்ப மீன் விடவேண்டும் என்பதை அதன் பிறகுதான் அறிந்துகொண்டோம். தொட்டியையும் வாளியையும் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது என்பதும் பிறகு படித்ததே. நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும். முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை என்பது கணக்கு. நானாவின் பக்கம் வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம்.

இது எங்கள் ஒழுங்கையின் அனுபவம் மட்டுமல்ல. வியட்நாமில் கிராம மக்கள் 1998 முதல் தங்கள் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் மெசோசைக்கிளொப்ஸ் என்ற கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் நீர்வாழ் உயிரியை விட்டார்கள். அது நுளம்பின் இளங்குடம்பிகளைத் தின்னும். ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வீடு வீடாக அதைக் கொண்டுபோனார்கள். 2005 இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி 46 கிராமப் பிரிவுகளில் 40 இல் டெங்கு நுளம்பு அற்றுப்போனது. நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் ஊரவர்களே கூடித் தங்களுக்கேற்ற வழிகளைத் தீர்மானித்த பகுதிகளில் பிள்ளைகளுக்கு டெங்கு தொற்றுவது சுமார் 30 வீதம் குறைந்ததை 2015 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. சாதாரண மக்களின் கைவேலை நோயைக் குறைக்கும் என்பதற்கு இவை ஆதாரம்.

இனி இரண்டாவது சம்பவம். இதில் முடிவு வேறு.

கிண்ணியா தண்ணீரால் பிரிக்கப்பட்ட ஊர். திருகோணமலைக்குப் போக நீண்டகாலம் பாதையில் ஏறித்தான் கடந்தோம். பாதை என்று நாங்கள் சொல்வது வீதியை அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவையை. 2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது பாதையின் காலம் முடிந்தது என்று நினைத்தோம். 2021 இல் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியது. வேலை முடியும்வரை மக்கள் எப்படிக் கடப்பது என்ற கேள்விக்குப் பழைய விடையே திரும்ப வந்தது. மிதப்புப் பாதை ஒன்று ஓடத் தொடங்கியது.

2021 நவம்பர் 23 காலை, பாடசாலைக்குப் போகும் நேரத்தில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், அவர்களுள் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. ஊர் கொதித்தது. கைதுகள் நடந்தன. சில நாட்களுக்குள் கடற்படை அந்த இடத்தில் படகுச் சேவையைத் தொடங்கியது.

அந்தக் கடைசி வசனத்தில்தான் என் கேள்வி இருக்கிறது. விபத்துக்குப் பின் சில நாட்களில் செய்ய முடிந்ததை, விபத்துக்கு முன் ஏன் செய்யவில்லை?

"சனம் தாங்களே ஒரு வழி பார்த்துக்கொண்டார்கள்" என்பதுதான் அதற்கு நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். நாங்கள் கடந்துகொண்டிருந்தோம். கடந்துகொண்டிருந்ததால், பிரச்சினை தீர்ந்துவிட்டதாக மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் எங்கள் பகுதிக்கு வந்த ஒவ்வொரு கருத்தரங்கிலும் எங்கள் "தாங்குதிறன்" புகழப்பட்டது. அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு விலக்கும் மறைந்திருக்கிறது. தாங்குவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அவசரமாக எதையும் செய்யவேண்டியதில்லை.

கிணற்றுக்கும் பாதைக்கும் இடையிலான வித்தியாசத்தை நாங்களும் யோசிக்கவில்லை. கிணற்றில் மீன் செத்தால் இன்னொரு போத்தல் மீன் விடலாம். பிழையைக் கண்ணால் பார்க்கலாம், அடுத்த கிழமையே திருத்தலாம். மிதவை எத்தனை பேரைத் தாங்கும், அதன் அடிப்பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்பது ஏறும் தாய்க்கோ பிள்ளைக்கோ தெரியாது. அதை அளந்து, எழுதி, மீறினால் நிறுத்தும் அதிகாரம் ஊரவரிடம் இல்லை. அங்கே ஒரு பிழைக்குக்கூட இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மக்களின் சொந்த வழியைத் தீர்வு என்று அழைப்பது, பொறுப்பை இடம் மாற்றுவது.

டெங்கு விடயத்திலும் இந்தக் கோடு உண்டு. குழாய்நீர் விட்டு விட்டு வரும் இடத்தில் சனம் தொட்டியில் தண்ணீர் சேமிக்கத்தான் செய்யும். அதை மூடி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, தண்ணீர் ஒழுங்காக வருவது அவர் கையில் இல்லை. குப்பையைத் தரம் பிரிப்பது எங்கள் வேலை, அதை அள்ளிக்கொண்டு போவது சபையின் வேலை. காய்ச்சல் பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுபோவது தாய்க்குரியது. அங்கே கட்டிலும் வைத்தியரும் இருப்பது அரசுக்குரியது.

இரண்டு பக்கமும் தன் வேலையைச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. 1999 இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர்கள் இருந்தார்கள். பெரும் பங்கு வடக்கிலும் கிழக்கிலும். போர் நடந்தபோதும் நடமாடும் பரிசோதனைக் குழுக்களும் மருந்திட்ட வலைகளும் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. காய்ச்சல் என்றால் இரத்தம் கொடுக்க மக்கள் பழகினார்கள், அதைச் சோதிக்க ஆட்கள் இருந்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் 2016 வரை உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. போருக்குள் முடிந்தது சமாதான காலத்தில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே ஊர்க் கூட்டங்களில் இனி ஒவ்வொரு பிரச்சினைக்கும் இரண்டு பட்டியல் எழுதுவோம். நாங்கள் செய்யப்போவது ஒன்று, யாரிடம் எந்தத் திகதிக்குள் எதைக் கேட்கப்போகிறோம் என்பது மற்றது. முதலாவது பட்டியலை எழுதுவதில் எங்களை யாரும் வெல்ல முடியாது. இரண்டாவதை எழுத மறப்பதுதான் எங்கள் பலவீனம். தற்காலிகப் பாதையோ படகோ எங்கு ஓடினாலும், எத்தனை பேர் ஏறலாம், அனுமதி கொடுத்தது யார், கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்ற மூன்றும் ஏறும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பதில் இருந்து தொடங்கலாம். எழுதியிராவிட்டால் பிள்ளைகளை ஏற்றாமல் நிற்பதும் மக்களின் தீர்வுதான்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் காணியில் கிணறு இருந்தால், அயலவர் ஒருவருக்கு இந்தக் கிழமை தொலைபேசி எடுத்து, உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கொடுங்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த ஒரு அழைப்பு போதுமானதாக இருந்தது.