திரையில் கற்கும் தொழில்

எங்கள் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வு நடத்தியபோது, மிகப் பழைய கற்கருவிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அவற்றைச் செய்தவன் பள்ளிக்குச் சென்றவன் அல்லன். கல்லை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் தட்டுவது என்று மூத்தவர் யாரோ அருகிலிருந்து காட்டியிருக்க வேண்டும். இன்று அதே மண்ணைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எனத் தொழிற்சாலைகள் நிறைந்து நிற்கின்றன. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இங்கே உருவாகின்றன. ஆனால் தொழிலைக் கற்றுத் தரும் பொறுப்போ, ஆளிடமிருந்து திரைக்கு மாறி வருகின்றது. இம்மாற்றம் நன்மையா, தீமையா?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது தொழிற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. சென்னை கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் இணையவழி வகுப்புகளை நடத்தியது. ஆலைகளும் அவ்வழியே சென்றன. ஊரடங்கு நீங்கிய பின்னும் திரைப் பயிற்சி நீங்கவில்லை.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். புரியாத பாடத்தை நான்கு முறை போட்டுப் பார்க்கலாம். தமிழ் அறியாத ஒடிசா, பீகார் தொழிலாளருக்கு அவரவர் மொழியிலேயே விளக்கலாம். வெல்டிங் பழகுபவர், அதற்கென அமைந்த கணினிக் கருவியில் எத்தனை முறை தவறினாலும் கண்ணும் கையும் கெடுவதில்லை, தகடும் வீணாவதில்லை.

தொலைவிலிருந்து தொழில் கற்பது நமக்குப் புதிதுமன்று. 1960களில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளில் கேட்டறிந்தனர். அந்நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது! அம்முயற்சி வென்றதன் காரணத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலையில் கேட்டதை மறுநாள் தன் வயலிலேயே செய்து பார்க்க உழவனால் முடிந்தது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வேளாண் ஊழியர் இருந்தார். பக்கத்து வயல்காரரும் இருந்தார்.

இன்றைய திரைப் பயிற்சியில் அது உண்டா? என் அண்ணன் சென்ற ஆண்டு ஓர் ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பாதுகாப்புப் பாடம் முழுவதும் கைப்பேசியில் வந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, பாயில் படுத்தபடி படத்தை ஓடவிட்டார். பாதியில் உறங்கியும் போனார். முடிவில் பத்துக் கேள்விகள். தவறினால் மீண்டும் அழுத்தலாம். நூற்றுக்கு நூறு பெற்றார்.

"மெஷினை அவசரத்துக்கு நிறுத்துற பட்டன் எங்கேண்ணா இருக்கு?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். "படத்துல வலது பக்கம் இருந்தது. எங்க மெஷின்ல நாளைக்குத்தான் பார்க்கணும்" என்றார்.

அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பவர் பிரஸ் விரலை நசுக்குவதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் நூற்றுக்கு நூறு என்ற மதிப்பெண் வந்து கையைப் பிடித்து இழுக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அத்தகையதே.

1984இல் நேர்ந்த போபால் கொடுமைக்குப் பின், 1987ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்புப் பயிற்சியை இயன்றவரை ஆலைக்குள்ளேயே பெறுவது தொழிலாளியின் உரிமை என்று அத்திருத்தம் எழுதி வைத்தது. அந்த நோக்கத்தை நாம் கைவிடலாகாது.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. பயிற்சி நேரம் வேலை நேரமாகவே கருதப்பட்டு, அதற்குக் கூலியும் கிடைக்க வேண்டும். திரையில் பார்த்ததை அன்றே, தான் நிற்கப் போகும் இயந்திரத்தின் முன்னால் செய்து காட்ட வேண்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் விடை சொல்ல அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

திரை வரட்டும், வரவேற்போம். பயிற்சியாளருக்கு ஆகும் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாக மட்டும் அது வரவேண்டாம். மிச்சமாகும் பணத்தைவிட, எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பத்து விரல்கள் விலை மிக்கவை என்பது என் துணிபு.