விளையாட்டு என்றால் முடிய வேண்டும்

பதினோரு, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் ஒரு தோழி வீட்டில் கூடி இரவு தங்குவதற்கு இப்போது ‘ஸ்லீப் ஓவர்’ என்று பெயர். கடற்கரையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். “நம் காலத்தில் இதெல்லாம் உண்டா?” என்கிறார்கள். ஏன் இல்லை? கோடை விடுமுறையில் பெரியம்மா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாம் மொட்டை மாடியில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தோமே, அது என்ன? கூடித் தங்குவதோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கே ஆடும் ஒரு விளையாட்டோடுதான் சண்டை.

‘ட்ரூத் ஆர் டேர்’. பாட்டிலைச் சுழற்றுவார்கள். அது யாரைக் காட்டி நிற்கிறதோ, அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு உண்மை சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொன்னதைச் செய்ய வேண்டும். “வகுப்பில் உனக்கு யாரைப் பிடிக்கும்?” “எங்களில் யாரைப் பிடிக்காது?” இவைதான் கேள்விகள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பாள்.

“விளையாட்டுதானே சார், பெரிதுபடுத்தாதீர்கள்” என்கிறார்கள் பெற்றோர். பெரிதுபடுத்தத்தான் போகிறேன். விளையாட்டு என்றால் எழுந்ததும் முடிய வேண்டும். தாயக்கட்டத்தில் காய் வெட்டுப்பட்டால் மறுபடி தாயம் போட்டு உள்ளே வரலாம். இதில் சனிக்கிழமை இரவு சொன்னது திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விடுகிறது. நாலு பேர் சேர்ந்து சிரிப்பதுதான் அந்த வயதின் பெரிய பயம். ‘மாட்டேன்’ என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

அதற்காகப் பலூன் உடைப்பதையும் நாற்காலி சுற்றுவதையும் கொடுத்தால் சிரிப்பார்கள். இந்த வயதுக்கு ரகசியம் வேண்டும், பொய் சொல்ல வேண்டும், துப்புத் துலக்க வேண்டும். நியாயமான ஆசைதான். அந்த ரகசியம் சொந்த ரகசியமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1986-இல் மாஸ்கோவில் திமித்ரி தவிதோவ் என்ற உளவியல் மாணவர் ‘மாஃபியா’ என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதுவே பிறகு ஓநாய் மனிதர் கதையாக மாறி, 2001-இல் பிரான்சில் ‘லூ-கரூ’ சீட்டுப் பெட்டியாக வந்தது. பத்து வயதுக்கு மேல், குறைந்தது எட்டுப் பேர். சீட்டு எடுத்தவர்களில் இருவர் மட்டும் ஓநாய். இரவு வந்ததும் எல்லோரும் கண்ணை மூட, ஓநாய்கள் மட்டும் விழித்து ஓர் ஊராளைத் தீர்த்துக்கட்டும். விடிந்ததும் வாதாடி, ஓநாய் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி வாங்கவே வேண்டாம். நம் ராஜா-ராணி-மந்திரி-திருடன் போலத் துண்டுச் சீட்டு போதும். பொய் சொல்வது ஓநாய், பிள்ளை அல்ல.

கூச்சப்படும் பிள்ளைக்குக் காகித மடிப்பு. 1925 வாக்கில் பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் ஆடியது. ஒருத்தி தலையை வரைந்து மடித்துக் கொடுப்பாள். அடுத்தவள் அதைப் பார்க்காமல் உடம்பு, மூன்றாமவள் கால். பிரித்தால் வீடே சிரிக்கும். எவரையும் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்து.

தாத்தா பாட்டிகளே, ‘காலம் கெட்டுவிட்டது’ என்று சீரியல் முன் உட்காராதீர்கள். ஒன்பது மணிக்குச் செல்போன்களை வாங்கி அலமாரியில் வையுங்கள். பக்கத்து அறையில் விழித்திருங்கள். நள்ளிரவில் ஒரு பிள்ளை “அம்மாகிட்ட பேசணும்” என்றால், ஏன் என்று கேட்காமல் போனைக் கொடுங்கள்.