அந்த 6 இன்ச் ஃபேன் உங்களைக் காப்பாற்றாது

மினியேச்சர் பஸ், ஜீப் மாடல் செய்யும் தம்பிகளே, வீட்டிலேயே பைக் டேங்க்கும் ஹெல்மெட்டும் பெயின்ட் அடிக்கும் அண்ணன்மாரே, இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். உங்க வீட்ல இருக்கிறவங்களும் படிச்சா இன்னும் நல்லது.

அட்டைப் பெட்டியிலோ பிளைவுட்டிலோ ஒரு பூத் செய்து, பின்பக்கம் ஓட்டை போட்டு, பாத்ரூமுக்கு வாங்குற 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி, "அவ்ளோதான், இனிமே சேஃப்" என்று முடிகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. எனக்குக் கோபம் அந்த ஃபேன் மேல் இல்லை. அது கொடுக்கிற தைரியத்தின் மேல். ஃபேன் இல்லாதவன் மொட்டை மாடிக்குப் போய் அடிப்பான். ஃபேன் மாட்டினவன் கதவைச் சாத்திக்கிட்டு, படுக்கிற ரூமிலேயே அடிக்கிறான்.

சின்னதா ஒரு கணக்கு போடுவோம். 10க்கு 10 அறை, 10 அடி உயரம். ஒரு மாடல் ஜீப்புக்கு இரண்டு மூன்று கோட் அடிக்கும்போது 50 மில்லி தின்னர் ஆவியாகுதுன்னு வைங்க. டீ கிளாஸில் பாதி. அது டொலுயீன் என்றால் சுமார் 11 லிட்டர் ஆவி. அறை முழுக்கப் பரவினால் கிட்டத்தட்ட 400 பிபிஎம். தொழிலிட சுகாதாரத்துக்கு உலகம் முழுக்க எடுத்துப் பார்க்கப்படும் அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் வரம்பு 20 பிபிஎம்.

"அது 8 மணி நேர சராசரி டாக்டர், நான் அரை மணி நேரம்தான் அடிக்கிறேன்." சரி. அடிச்சது அரை மணி. காயறது எவ்வளவு நேரம்? அதே அறையில்தானே பாய் விரிக்கிறீங்க? இன்னொன்று: கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். "வாசனை போயிடுச்சு" என்றால் ஆவி போயிடுச்சு என்று அர்த்தம் இல்லை. வெளியே போய் பத்து நிமிஷம் நின்னுட்டு திரும்ப உள்ளே வாங்க, தெரியும்.

இப்போ ஃபேன் கணக்கு. கடையில் போய் "6 இன்ச் குடுங்க, 9 இன்ச் குடுங்க" என்று கேட்பதே தப்பு. பூத்தை இன்ச்சில் வாங்க முடியாது, காற்றில்தான் வாங்க முடியும். பூத் வாயில் காற்று நிமிஷத்துக்கு 100 அடி வேகத்தில் உள்ளே போகணும். இது ஸ்ப்ரே பூத்துகளுக்கு ரொம்ப நாளாக இருக்கிற கணக்கு. 3 அடி அகலம், 2 அடி உயரம் வாய் என்றால் 6 சதுர அடி. 100 ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 600 கன அடி. நம்ம ஊர் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்றுதான் போட்டிருக்கும், அதற்கு 1.7 ஆல் பெருக்கணும். 1,020 வரும். பல 6 இன்ச் ஃபேன்களில் 250, 300 என்றுதான் இருக்கும். அதாவது தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 300கூட எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண். நீங்க முன்னாடி ஃபில்டர் வைக்கிறீங்க, பின்னாடி வளைவு வளைவா 6 அடி குழாய் மாட்டுறீங்க. விசிறி இறக்கை உள்ள ஃபேன் அந்த அழுத்தத்தைத் தாங்காது. சத்தம் வரும், இறக்கை சுத்தும், காற்று மட்டும் போகாது. ஃபில்டரும் குழாயும் இருந்தால் ஹோட்டல் கிச்சனில் வைக்கிற மாதிரி புளோயர்தான் சரி. காசு இல்லையா? ஃபேனைப் பெருசாக்க முடியலைன்னா பூத் வாயைச் சின்னதாக்குங்க. இரண்டு பக்கமும் அக்ரிலிக் ஷீட் வைத்து 2 அடிக்கு ஒன்றரை அடி ஆக்கினால் தேவை பாதியாகிவிடும். கம்ப்ரசருக்கும் கன்னுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துட்டு, ஃபேன் வாங்கும்போது மட்டும் பேரம் பேசுறது என்ன நியாயம்?

உள்ளே வர வழி இல்லாத காற்று வெளியே போகாது. இதை போடிக்காரங்களுக்குச் சொல்லித்தரணுமா? ஏலக்காய் உலர்த்துற ஸ்டோரில் கீழே சூடு கொடுத்து, முதல் சில மணி நேரம் ஈர ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்து வைப்பாங்க. திறக்காமல் விட்டால் காய் என்ன நிறத்தில் வரும் என்று உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. காய்க்குக் கொடுக்கிற மரியாதையை நுரையீரலுக்குக் கொடுக்கலைன்னா எப்படி? கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் அது காலி டப்பாவில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற கதைதான். உங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் திறந்திருக்கணும். காற்று அங்கிருந்து வந்து, உங்களைத் தாண்டி, மாடலைத் தாண்டி, ஃபேனுக்குப் போகணும்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற யாரையும் கேட்டுப் பாருங்க. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்காமல் கன்னைத் தூக்க மாட்டாங்க. முகத்தில் துண்டுதான் கட்டியிருப்பாங்க, அது பெருசா எதையும் தடுக்காது. ஆனா காத்துக்கு எதிரே நிக்கக் கூடாதுங்கிற அறிவு இருக்கு. அதே ஊரில் வீட்டு மேற்குச் சுவரில் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டுறாங்க! ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்குற மேல்காத்து அந்த ஆவியை அப்படியே திருப்பி உங்க முகத்திலேயே அடிக்கும். வேற பக்கம் இல்லைன்னா குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்க. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா விடாதீங்க. அங்கேயும் குழந்தை இருக்கும்.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 400 பிபிஎம் தீப்பிடிக்கிற அளவு இல்லை. டொலுயீனுக்கு அது சுமார் 12,000. ஆனால் தின்னர் ஆவி காற்றைவிடக் கனம்; திறந்து வைத்த டப்பாவைச் சுற்றியும் தரையோரமும் தேங்கும். அங்கே ஒரு ஸ்விட்ச் பொறி போதும். அதனால் மோட்டார் காற்று போகும் பாதைக்கு வெளியே இருக்கணும். ஸ்விட்ச் பூத்திலிருந்து தள்ளி இருக்கணும். பழைய கார்பன் பிரஷ் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற வேலையே வேண்டாம்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பெயின்ட்டை மட்டும் வீட்டில் அடிக்கவே கூடாது. 2கே. அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற பியூ பெயின்ட், கிளியர் கோட். கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும், அதனால்தான் எல்லாருக்கும் ஆசை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கு. 1984-ல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். இது அது இல்லை, பயமுறுத்த வரலை. ஆனால் அதே குடும்பம். பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு வாகன பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் முக்கியக் காரணங்களில் ஒன்று. அங்கே முழு பூத், பெரிய ஃபேன் எல்லாம் இருந்தும், வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகக்கவசம் போட்டுத்தான் அடிக்கணும் என்கிறார்கள். அடித்து முடித்ததும் அதைத் தூக்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மூடுபனி இன்னும் உள்ளே இருக்கும். கொரோனா காலத்து என்95 இதற்கு ஆகாது. அது தூசியைத் தடுக்கும், ஆவியை விட்டுவிடும்.

"தொட்டா ஒண்ணும் ஆகலையே, கையில பட்டிருக்கே" என்பவர்களுக்கு ஒரு விஷயம். 1992, ஸ்பெயினில் அல்கோய் என்ற ஊர். துணியில் டிசைனை ஸ்ப்ரே செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். புதுசாக வந்த ஒரு சாயக் கலவையைக் கன்னில் போட்டு அடித்தார்கள். நுரையீரல் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். ஒரு பட்டறையின் பெயரால் அதற்கு ஆர்டிஸ்டில் சிண்ட்ரோம் என்றே மருத்துவத்தில் பெயர். கையில் பட்டால் சும்மா இருக்கிற பொருள், நுண்துளியாகி நுரையீரலின் அடிவரை போனால் சும்மா இருக்கணும்னு அவசியம் இல்லை. வாட்டர் பேஸ் அக்ரிலிக் அடிக்கிறவங்களும் இதைக் கவனிங்க. தின்னர் ஆவி இல்லைதான், துளி இருக்கு. ஆனாலும் எதை அடிக்கலாம்னு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். முதல்ல பெயின்ட்டை மாத்துங்க, அப்புறம் ஃபேன் வாங்குங்க.

"வாரம் ஒரு தடவைதானே, ஹாபிதானே" என்ற கேள்வி கண்டிப்பா வரும். ஒர்க்‌ஷாப்பில் குறைந்தபட்சம் ஷட்டர் திறந்திருக்கும். உங்க அறையில் அதுவும் இல்லை. எந்த இன்ஸ்பெக்டரும் உங்க வீட்டுக்கு வரப்போறதில்லை. ஐசோசயனேட்டுக்கு உடம்பு ஒருமுறை ஒவ்வாமை ஆகிவிட்டால், அப்புறம் துளி அளவு போதும் மூச்சு முட்ட. ஹாபி, வேலை என்று அது பிரித்துப் பார்க்காது.

ஃபேன் மாட்டியாச்சா? தின்னர் டப்பாவைத் திறப்பதற்கு முன், திரும்பச் சொல்றேன், திறப்பதற்கு முன், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி பூத் வாயின் நாலு மூலையிலும் காட்டுங்க. புகை எல்லா மூலையிலும் நேராக உள்ளே போகணும். ஒரு மூலையில் உங்க பக்கம் சுருண்டு வந்தாலும் அன்னைக்கு அடிக்காதீங்க. ஊதுபத்தியை அணைத்து வெளியே வைத்த பிறகுதான் பெயின்ட்டை எடுக்கணும். ஃபில்டரில் பெயின்ட் ஏற ஏற இழுவை குறையும், அதனால் மாசம் ஒருமுறை இதைத் திரும்பப் பாருங்க. அடித்து முடித்ததும் உடனே ஃபேனை அணைக்காதீங்க. காயற வரைக்கும் ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஆஸ்துமா உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். சாயங்காலம் பெயின்ட் அடிச்சிருப்பீங்க, நடு ராத்திரி இருமலும் இழுப்பும் வரும். மலைக்காத்து, பனி, நேத்து குடிச்ச ஜூஸ் என்று எல்லாவற்றையும் சொல்வீங்க, பெயின்ட்டை மட்டும் சொல்ல மாட்டீங்க. அந்த மாதிரி இழுப்பு வந்தால் காலை வரைக்கும் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்கு வாங்க, முடியலைன்னா 108. வரும்போது அந்த பெயின்ட் டப்பா, ஹார்டனர் டப்பா லேபிளைப் போனில் போட்டோ எடுத்துட்டு வாங்க. டியூட்டியில் இருக்கிற டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்க.