பள்ளி நாடகமும் அதிகாரியின் அச்சமும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்ட்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் அவ்வூர்க் கல்லூரியொன்றில் நின்று, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று முழங்கியதனால் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட ஊர் அது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘க்ரீஸ்’ என்னும் இசை நாடகத்தை நடித்தார்கள். அதில் பிள்ளைகள் புகை பிடிப்பதும், மது அருந்துவதும், முத்தமிட்டுக் கொள்வதுமான காட்சிகள் தகாதவை என்று ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த நண்பர்களிடமிருந்து மூன்று கடிதங்கள் கல்வி அதிகாரிக்கு வந்து சேர்ந்தன. நடந்து முடிந்த நாடகத்தை என்ன செய்வது? அதிகாரி, அடுத்த பருவத்தில் அரங்கேற இருந்த ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை நிறுத்தினார். அந்த இடத்துக்கு ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ வந்தது.

இந்த மாற்றத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தந்தை சொல்லைத் தட்டிவிட்டு ஒரு பெண் காதலனோடு இரவோடிரவாகக் காட்டுக்கு ஓடிப்போகிறாள்; மாயமருந்தின் வசப்பட்ட வனதேவதைகளின் ராணி, கழுதைத் தலை முளைத்த நெசவாளி ஒருவன்மீது மோகித்து அவனைத் தன் மஞ்சத்துக்கு அழைத்துச் செல்கிறாள். மில்லரின் நாடகத்திலுள்ள கூடாவொழுக்கமோ, திரை தூக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துபோனது; மேடையில் நாம் காண்பதெல்லாம் அதன் பச்சாதாபமும், அதற்குக் கதாநாயகன் தன் நற்பெயராலும் பிறகு உயிராலும் செலுத்துகிற விலையுமே. விரசமே ஆட்சேபத்துக்குக் காரணமாக இருந்திருந்தால், இவ்விரண்டில் எதை நிறுத்தி எதை அனுமதித்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

‘தி க்ரூசிபிள்’ 1953-ல் மேடையேறியது. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கிறோம் என்று ஸெனட்டர் மெக்கார்த்தி முதலானோர் தேசத்தையே கலக்கிக் கொண்டிருந்த காலம் அது. மில்லர் 1692-ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸில் நடந்த சூனியக்கார வழக்குகளை எடுத்துக்கொண்டார். சேலம் என்ற ஊரில் சில சிறுமிகளும் இளம் பெண்களும் கைநீட்டிச் சுட்டிய மாத்திரத்தில், கண்ணுக்குப் புலப்படாத சாட்சியத்தை நீதிபதிகள் நம்பி, 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை ஒப்பவோ மறுக்கவோ வாய் திறக்க மறுத்த ஒரு முதியவர்மீது பாறைகளை ஏற்றியே கொன்றார்கள். குற்றஞ்சாட்டியவர்களுள் ஒருத்தியான அபிகெய்ல், நிஜத்தில் பதினொரு வயதுச் சிறுமி. மில்லர் அவளைப் பதினேழு வயதினளாக்கினார். அதாவது, பள்ளியின் கடைசி வகுப்புகளில் படிக்கும் ஒரு பெண்ணின் வயது. கும்பலோடு சேர்ந்து பொய் சொல்வதன் ருசியையும், கும்பலை விட்டு விலகினால் தன்மேலேயே பழி திரும்பும் என்ற பயத்தையும் அந்த வயதுப் பிள்ளைகள் அறிந்த அளவுக்குப் பெரியவர்கள்கூட அறியமாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். இந்த நாடகம் அவர்களுக்குத் தகாதென்றால் வேறு யாருக்குத் தகும்? நூலாசிரியரே 1956-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் விசாரணைக் குழுமுன் நிறுத்தப்பட்டு, பிறர் பெயரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, 1958-ல்தான் அப்பீலில் விடுதலை பெற்றார். பயத்தினால் பிறக்கும் தீர்ப்புகளைப் பற்றிய அந்த நாடகத்தை மூன்று கடிதங்களுக்குப் பிறகு ஒருவர் நிறுத்தினார் என்பதற்கு நாம் வியாக்கியானம் எழுத வேண்டியதில்லை.

ஃபுல்ட்டன் தனியான விபரீதமாயிருந்தால் மறந்துவிடலாம். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் நகரில், கலைகளுக்கென்றே ஏற்பட்ட ஒரு பள்ளியில், பாலா வோகல் எழுதிய ‘இண்டீஸன்ட்’ என்னும் நாடகம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது நிறுத்தப்பட்டது. அதிலுள்ள பாலியல் பேச்சுகள் மாணவர்களுக்குத் தகாதவை என்று காரணம் கூறப்பட்டது. ஷோலம் ஆஷ் என்ற யூத ஆசிரியரின் நாடகமொன்றை 1923-ல் நியூயார்க்கில் நடித்தவர்கள் ஆபாசக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டதே ‘இண்டீஸன்ட்’ நாடகத்தின் கதை! பதிலாக வந்தது செகாவின் ‘கடற்பறவை’. அதில் ஓர் இளம்பெண் வஞ்சிக்கப்பட்டுக் கைவிடப்படுகிறாள், அவள் பெற்ற குழந்தை இறக்கிறது, ஓர் இளைஞன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாள்கிறான்.

இவ்விரு மாற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை துலங்கும். அதிகாரிகள் மாணவரின் பக்குவத்தை எடைபோடவில்லை. எந்த நாடகத்துக்குத் தொலைபேசி ஒலிக்கும், எதற்கு ஒலிக்காது என்றே கணக்கிட்டார்கள். இறந்து வெகுகாலமான மகாகவிகள் என்ன எழுதியிருந்தாலும் யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஆகவே காப்பாற்றப்பட்டது பிள்ளைகளின் ஒழுக்கமன்று, உத்தியோகஸ்தர்களின் நிம்மதி.

மாணவர்களுக்குத் தகாத விஷயம் என்றால் சிருங்காரம் ஒன்றுதான் என்றும் எண்ண வேண்டாம். 2007-ல் கனெக்டிகட் மாநிலத்து வில்ட்டன் உயர்நிலைப் பள்ளியில், ஈராக் யுத்தத்தில் ஈடுபட்ட சிப்பாய்களின் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் கோத்து மாணவர்கள் அமைத்த நாடகத்தைத் தலைமையாசிரியர் தடுத்தார். பெற்றோர் சம்மதித்தால் பதினேழு வயதிலேயே ஒருவன் அந்நாட்டுச் சேனையில் சேரலாம். சேர்ந்தவன் எழுதிய கடிதத்தை மட்டும் அதே வயதுத் தோழன் மேடையில் படிக்கக்கூடாதாம். மாணவர்கள் சோர்ந்துவிடவில்லை. நியூயார்க்கில் பப்ளிக் தியேட்டரின் மேடையிலேயே அதை நடித்துக் காட்டினார்கள்.

சட்டம் நம் கட்சியில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அதே மிசௌரியில், ஹேஸல்வுட் பள்ளியின் மாணவர் பத்திரிகையிலிருந்து இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கியது செல்லும் என்று 1988-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. போதனைக்குப் பொருந்திய நியாயமான காரணம் இருக்குமாயின் பள்ளியின் பெயரால் நடக்கும் நாடகங்களையும் நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் விளைவு. அதிகாரம் இருக்கிறது என்பதனாலேயே அதைப் பிரயோகிப்பது நியாயமாகிவிடுமா?

எதையும் எவரும் நடிக்கலாம் என்பது நமது வாதமன்று. பதினான்கு வயதுப் பெண்ணைச் சரசக் காட்சியில் நிறுத்தும் ஆசிரியர் தம் தொழிலுக்கு லாயக்கற்றவர். ஒரு பாத்திரத்தை ஏற்க மனமில்லை என்று சொல்லும் மாணவனை எவரும் கட்டாயப்படுத்தக்கூடாது. நாடகாசிரியர்களின் சம்மதத்தோடு தயாரித்த பள்ளிப் பதிப்புகள் எத்தனையோ கிடைக்கின்றன. ‘ரெண்ட்’ என்ற இசை நாடகத்துக்குக்கூட, வசைச் சொற்களைக் குறைத்து ஒரு பாட்டை அறவே நீக்கிய பதிப்பு உண்டு. இது நேர்மையான வழி. ஆசிரியரைக் கேளாமல் பள்ளியே பேனாவால் அடித்துத் திருத்துவது உரிமை ஒப்பந்தத்துக்கும் விரோதம். ஆனால் ‘ரெண்ட்’ நாடகத்தின் அந்தப் பள்ளிப் பதிப்பைத்தான் 2013-ல் கனெக்டிகட் மாநிலத்து ட்ரம்பல் பள்ளி முதலில் நிறுத்தி, மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பின் அனுமதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கத்தரித்துக் கொடுத்தால் திருப்தியடைவார்கள் என்று நினைப்பவர்களுக்கு அது போதும்.

ஃபுல்ட்டன் பள்ளியின் நாடக ஆசிரியை பிறகு வேலையை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு வருகிற எவரும், முன்னவருக்கு நேர்ந்ததை அறிந்திருப்பாரானால், அடுத்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது மாணவர்களுக்கு என்ன கற்பிக்கும் என்று யோசிப்பதற்கு முன் யார் கோபிப்பார்கள் என்றே யோசிப்பார். அந்தத் தணிக்கைக்கு உத்தரவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஆகவே அதை எதிர்த்து மனுக் கொடுக்கவும் இயலாது.

பள்ளி நிர்வாகங்கள் செய்யத் தக்கது கடினமான காரியமன்று. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, அதைப் பயிற்றுவிக்கும் ஆசிரியரிடமே விட வேண்டும். நிர்வாகிகள் ஆட்சேபிப்பதாயின் பிரதியை முழுவதும் படித்துவிட்டு, பாத்திரங்களுக்கு ஆள் தேர்வதற்கு முன்பே, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நாடகத்தில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பெற்றோருக்கு எழுதியனுப்பி, நுழைவுச் சீட்டிலும் அச்சிட வேண்டும். அதைப் படித்துவிட்டு மனம் ஒப்பாத பெற்றோர் தம் பிள்ளையை நிறுத்திக்கொள்ளட்டும், தாமும் வராமலிருக்கட்டும். பிறர் பிள்ளைகள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாடகத்தை நிறுத்தும்படி கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அவர்கள் கேட்டாலும் அதிகாரி இணங்கக்கூடாது.