அசையாத மந்திரி

பிரன்ஸ்விக் கோமகனும் கவுன்ட் இசுவாரும் கலந்து பேசி ஆடித் தோற்ற அந்த 17 நகர்த்தல் ஆட்டத்தைச் சதுரங்கம் கற்ற பலரும் ஒருமுறையாவது பலகையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். 1858, பாரிஸ் ஆப்பரா அரங்கு, எதிரே 21 வயது பால் மார்ஃபி. கோமகன் தரப்பு கையில் எடுத்தது ஃபிலிடோர் தற்காப்பு. அந்த ஃபிலிடோரே ஆப்பராக்களுக்கு இசையமைத்தவர் என்பது தனி வேடிக்கை! 16ஆவது நகர்த்தலில் மார்ஃபி ராணியைத் தூக்கிக் கொடுத்ததைத்தான் ஊரே பேசுகிறது. பார்க்க வேண்டியது கறுப்பின் ராஜா பக்கத்து மூலையை. அங்கே மந்திரியும் யானையும் கடைசிவரை வைத்த கட்டத்திலேயே நிற்கின்றன. மந்திரிக்கு வழியை 7ஆவது நகர்த்தலிலேயே அடைத்தது சொந்த ராணி. அது விலகி வழிவிட்டது 14இல். அதற்குள் மார்ஃபி மூச்சுவிட இடம் தரவில்லை. கடைசியில் அவரிடம் மிஞ்சிய ஒரு யானையும் ஒரு மந்திரியுமே மேட் வைக்கப் போதுமாயின. இதற்காக ஃபிலிடோர் தற்காப்பையே குறைசொல்வது அநியாயம். 9ஆவது நகர்த்தலில் ராணிப் பக்கத்துச் சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளியது யார்? இத்தனைக்கும் மார்ஃபி சட்டம் படித்தவர், சதுரங்கத்தைப் பிழைப்பாக்க மறுத்தவர். ஆக, பலகையின் இரு பக்கமும் அமெச்சூர்கள்தான்.